பிசுபிசுத்த லேப்டாப் மூடியைத் துடைக்கப் போய்க் கெடுத்துவிட்டேன்

ஈரத்துணி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் பழைய லேப்டாப்புக்கு 7 வயது. மூடி பிளாஸ்டிக்தான், ஆனால் மேலே ரப்பர் மாதிரி வழுவழுவென்று ஒரு கறுப்புப் பூச்சு. வாங்கிய புதிதில் அதைத் தடவிக்கொண்டே இருப்பேன். ஒன்றரை வருடமாகப் பைக்குள் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். மகளுக்குக் கொடுக்கலாம் என்று போன வாரம் எடுத்தால், கை வைத்த இடமெல்லாம் ஒட்டுகிறது. பையின் உள்துணி நெசவுகூட மூடியில் கட்டம் கட்டமாக அச்சாகியிருக்கிறது.

சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன், பயனில்லை. முகப் பவுடர் போட்டேன், ஒரு நாள் தாங்கியது. அப்புறம்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்: நெயில் பாலிஷ் ரிமூவர். பஞ்சில் தொட்டுத் தேய்த்ததும் தார் மாதிரி கறுப்பாக வந்தது. ஆகா, வழி கிடைத்துவிட்டது என்று நினைக்கும்போதே போன் அடித்தது. பஞ்சை மூடி மேலேயே வைத்துவிட்டுப் பேசப் போனேன். திரும்பி வந்து எடுத்தால் பஞ்சு வரவில்லை. பிய்த்தேன். இப்போது கீல் பக்கம், தீப்பெட்டி அளவுக்கு வெளிறிப்போன ஒரு திட்டு. அதில் பஞ்சு இழைகள் புதைந்திருக்கின்றன, போதாததற்கு என் கட்டைவிரல் ரேகையும் தெளிவாகப் பதிந்திருக்கிறது.

மீதி இடத்துப் பிசுக்கு போக என்ன செய்வது? அந்தத் திட்டை மட்டும் சரிசெய்து கறுப்படித்துவிட முடியுமா?

திருப்புளி எழுதியது:

முதலில், இனி ரிமூவரைத் தொடாதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் அசிட்டோன். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அது கரைத்தே விடும், பாலிகார்பனேட் என்றால் வெளிறிப்போய் மயிரிழை விரிசல் விடும். உங்கள் மூடி இரண்டும் கலந்ததாக இருக்கலாம். இழைகளை இப்போது பிடுங்க வேண்டாம். உள்ளே போன கரைப்பான் முழுக்க ஆவியாகும்வரை பிளாஸ்டிக் இளகித்தான் இருக்கும். 2 நாள் அப்படியே விடுங்கள்.

பிசுக்கு அழுக்கு இல்லை, அதனால்தான் சோப்புக்கு அசையவில்லை. அந்த ரப்பர் பூச்சு பெரும்பாலும் பாலியூரிதேன் வகை. காற்றிலுள்ள ஈரம் அதன் நீளமான மூலக்கூறு சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வெப்பமும் சேர்ந்தால் இன்னும் வேகம். அறுந்த சங்கிலியைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆக, அந்தப் பூச்சைக் காப்பாற்றும் வழி என்று யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். முழுக்க எடுத்துவிடுவதுதான் வழி.

எடுக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும், 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழலுமென்றால் கழற்றிவிடுங்கள். அடிப்பக்கம் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும், மூடி மேல் ஊற்றக் கூடாது. உள்ளங்கை அளவு இடத்தில் ஈரத்துணியை ஒரு நிமிடம் வைத்து, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் மெதுவாகச் சுரண்டினால் சுருள் சுருளாக வரும். துணி கறுத்ததும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் எடுத்ததையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். திரை மேல் படவே கூடாது. மூடியில் அச்சடித்த பெயர் இருந்தால் அதுவும் போய்விடும், அதற்குத் தயாராக இருங்கள்.

திட்டுக்கு: 400, 800, 1200 என்று வாட்டர் பேப்பரை (ஈரத்தோடு தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக்கூட நைசு) வரிசையாகப் போட்டு, சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம். கீல் இடுக்கை டேப்பால் அடைத்துவிட்டுச் செய்யுங்கள். இழைகளும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து தேய்ந்துவிடும். அதற்கு முன் ஒன்று பாருங்கள். திட்டில் விரிசல் இருந்தால், மூடியைத் திறந்து மூடும்போது அது வாய் பிளக்கிறதா? பிளந்தால் இது அழகுப் பிரச்சினை இல்லை, கீல் பிய்த்துக்கொண்டு வரும்.

திட்டுக்கு மட்டும் கறுப்படிப்பது வேண்டவே வேண்டாம். நேராகப் பார்த்தால் தெரியாது, வெளிச்சம் சாய்வாக விழுந்தால் வட்டமாகக் காட்டிக்கொடுக்கும். அடித்தால் மூடி முழுக்க அடியுங்கள்.

பழையஇரும்பு எழுதியது:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது அலுமினிய மூடி, சாம்பல் நிறம். சாவி உரசி வெள்ளிக்கோடு விழுந்திருக்கிறது. எனக்கும் இதே வாட்டர் பேப்பர்தானா?

திருப்புளி எழுதியது:

ஐயோ, வேண்டாம். அது பெயின்ட் இல்லை, அனோடைஸிங். உலோகத்தின் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றி, அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்றியிருப்பார்கள். கடினமானதுதான், ஆனால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனம் இருந்தாலே பெரிது. தேய்த்தால் கோடு போய்ப் பளபளவென்று ஒரு குளமே வந்துவிடும். காரம் கலந்த அடுப்பு கிளீனரும் அதை அரித்துவிடும். கோட்டோடு வாழுங்கள், இல்லையென்றால் மேலே வினைல் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

தச்சன்மகள் எழுதியது:

திருப்புளி சொன்னதில் எனக்கு ஒத்துப்போகாதது ஒன்றுதான். முதல்முறை செய்கிறவரிடம் ஸ்பிரே பெயின்டைக் கொடுக்காதீர்கள். நான் அடித்தேன். பிளாஸ்டிக் பிரைமர், அதன் மேல் மெல்லிசாக 4 பூச்சு, 25 சென்டிமீட்டர் தள்ளி, ஓரத்துக்கு வெளியே தொடங்கி மறு ஓரத்துக்கு வெளியே போய் நிறுத்துவது என்று எல்லாம் முறைப்படிதான். தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. மறுநாளே பையில் போட்டேன். எடுத்தால் ஈரத்துணிக்கு வந்த அதே நெசவுக் கட்டம்! தொட்டால் ஒட்டவில்லை என்பது வேறு, உள்ளே இறுகியது என்பது வேறு. ஒரு வாரமாவது சும்மா வைத்திருக்க வேண்டும்.

அடித்தே ஆக வேண்டுமென்றால், உலோகத் தூள் கலந்த வெள்ளி நிறம் மட்டும் வேண்டாம். பல லேப்டாப்களில் வைஃபை ஆன்டெனா மூடிக்குள்தான் இருக்கிறது, சிக்னல் குறையலாம்.

ஈரத்துணி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 2 மாலை, ஒரு பழைய பனியன், அரை லிட்டர் ஆல்கஹால் செலவு. பூச்சு முழுக்கப் போய்விட்டது. அடியில் இருந்த பிளாஸ்டிக் கரும்சாம்பல் நிறம், மெல்லிய சொரசொரப்பு. உண்மையைச் சொன்னால் எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. விரிசல் பிளக்கவில்லை, மேலோடு நின்றுவிட்டது.

திட்டைத் தேய்த்தேன். இழைகள் போயின, ரேகையும் போனது. ஆனால் அந்த இடத்தில் சொரசொரப்பும் போய் வழுக்கைத்தலை மாதிரி மின்னுகிறது. இதை யாரும் சொல்லவில்லையே! 400ஐ மறுபடி லேசாக ஓட்டினேன், மினுக்கம் கொஞ்சம் அடங்கியது. பெயின்ட் அடிக்கப் போவதில்லை. மகள் அதன் மேல் ஒட்ட ஏற்கெனவே ஒரு ஸ்டிக்கர் எடுத்து வைத்துவிட்டாள்.

இன்னொன்று. கீபோர்டுக்குக் கீழே கை வைக்கும் இடத்திலும் அதே பூச்சு, அதுவும் ஒட்ட ஆரம்பித்திருக்கிறது. அங்கும் இதே ஆல்கஹால்தானா?

திருப்புளி எழுதியது:

அதேதான். கீகளை முதலில் டேப் போட்டு மூடுங்கள், எழுத்து அழிந்துவிடும். டச்பேடு ஓரத்தில் துணியைப் பிழிந்துவிட்டுத் துடையுங்கள். போனை அணைத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.