ஃப்ரண்ட் லோட் மெஷின்: சாக்கடை வாடை, கறுப்புத் துணியில் வெள்ளைக் கோடு, ஸ்பின்னில் நடை. போர் தண்ணீர் வீட்டில் என்ன செய்யலாம்?

மேடவாக்கம்வாசி (கேள்வி)

7 கிலோ ஃப்ரண்ட் லோட், வாங்கி நாலு வருஷம். வீட்டில் போர் தண்ணீர் மட்டும்தான். லேபில் கொடுத்துப் பார்த்ததில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 1100, கடினத்தன்மை லிட்டருக்கு 480 மில்லிகிராம். தினமும் ஓட்டுவது 30 நிமிட குயிக் வாஷ், பச்சைத் தண்ணீர், லிக்விட் இரண்டு மூடி. மெஷின் நிற்பது சக்கரம் வைத்த ஸ்டாண்டில்.

இப்போது நாலு தொந்தரவு. கதவைத் திறந்தால் சாக்கடை வாடை. ரப்பர் மடிப்பில் கறுப்புப் புள்ளிகள். கறுப்பு பேன்ட்டுகளில் சாம்பல் வெள்ளையாகக் கோடு விழுகிறது. 1200 ஸ்பின்னில் மெஷின் ஒரு சாண் தூரம் நகர்ந்துவிடுகிறது. சர்வீஸுக்கு வந்தவர் பேரிங் போயிருக்கலாம், டப்பையே (டிரம்முக்கு வெளியே தண்ணீர் நிற்கும் தொட்டி) மாற்ற வேண்டும் என்கிறார். அதற்கு முன் வீட்டிலேயே எதையெல்லாம் பார்க்கலாம்? வினிகரும் பேக்கிங் சோடாவும் கலந்து ஊற்றினால் சுத்தமாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். சரிதானா?

சலவைக்கல்

முதலில் வாடை. பச்சைத் தண்ணீர், அதிக லிக்விட், மூடிய கதவு மூன்றும் சேர்ந்தால் இது வந்தே தீரும். லிக்விடும் கண்டிஷனரும் துணியின் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத டப்பின் சுவரில் கொழகொழவென்று ஒட்டும். சூடு படாததால் அதில் கிருமி வளரும். பல பவுடர்களில் ஆக்சிஜன் பிளீச் இருக்கும், லிக்விடில் அதைச் சேர்த்து வைக்க முடியாது. எனவே லிக்விட் மட்டும் போடுகிற மெஷின்கள் சீக்கிரம் நாறும்.

மேலிருந்து கீழாகப் போங்கள். சோப்பு டிராயரை முழுக்க இழுத்து, நடுவில் உள்ள தாழை அழுத்தினால் கையோடு வந்துவிடும். கண்டிஷனர் அறையின் சின்ன மூடியைக் கழற்றிப் பழைய டூத்பிரஷால் தேயுங்கள். அது அடைத்தால் அந்த அறையில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். டிராயர் இருந்த பொந்துக்குள் டார்ச் அடித்து மேல் கூரையைப் பாருங்கள். தண்ணீர் கொட்டும் துளைகளைச் சுற்றிக் கறுப்பாகப் பூஞ்சை இருக்கும். பெரும்பாலானவர்கள் டிராயரை மட்டும் கழுவிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து கதவு ரப்பர். மடிப்பை விரித்து அடிப்பக்கம் பாருங்கள், சின்ன வடிகால் துளைகள் இருக்கும். முடியும் நூலும் அடைத்தால் அங்கே தண்ணீர் நிற்கும். கறுப்புப் புள்ளி அங்கிருந்துதான் தொடங்கும். துளைகளைத் திறந்துவிட்டு, குளோரின் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து துணியில் நனைத்து மடிப்பில் வையுங்கள். 20 நிமிடம் போதும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடையுங்கள். ரப்பருக்குள் ஊறிப்போன கறை போகாது. அதற்காகச் சுரண்டி ரப்பரைக் கிழித்துவிடாதீர்கள்.

பிறகு கீழே பம்ப் ஃபில்டர். பிளக்கைப் பிடுங்கி, தட்டும் பழைய துண்டும் வைத்துக்கொண்டு, ஃபில்டர் பக்கத்தில் மெல்லிய ரப்பர் குழாய் இருந்தால் முதலில் அதில் தண்ணீரை இறக்குங்கள். ஒன்றிரண்டு லிட்டர் வரும். அப்புறம் ஃபில்டரை இடப்பக்கம் மெதுவாகத் திருகுங்கள். காசு, ஹேர்பின், குழந்தை சாக்ஸ் எல்லாம் அங்கேதான். உள்ளே தெரியும் சின்ன விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். விட்டு விட்டு, வெட்டி வெட்டித்தான் சுற்றும். அது காந்த மோட்டாரின் இயல்பு, பழுதில்லை. திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையத்தில் ஒட்டிய சோப்பைத் துடைக்காவிட்டால் சொட்டும். மாதம் ஒரு முறை திறந்தால் போதும்.

எல்லாம் முடிந்ததும் துணி போடாமல் காட்டன் 60 டிகிரி, வழக்கமாகப் போடும் பவுடரில் பாதி. அதன் பிறகு ஒவ்வொரு முறை துவைத்ததும் கதவையும் டிராயரையும் இரண்டு விரல் அளவு திறந்தே வையுங்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் சைல்ட் லாக்கை மட்டும் நம்பாமல், பிளக் சுவிட்சையும் அணைத்து வையுங்கள். வாரம் ஒரு முறை துண்டு, போர்வைகளை 60-இல் போட்டால் தனியாக டிரம் கிளீன் செய்யும் வேலை குறையும்.

உப்புத்தண்ணி

வினிகரும் சோடாவும் கலந்தால் ஒன்றை ஒன்று முறித்துவிடும். நுரை பார்க்க அழகாக இருக்கும், வேலை நடக்காது. வினிகர் மட்டும் ஊற்றினாலும் உங்கள் தண்ணீருக்குப் பயனில்லை. ஒரு கப் வினிகர், அதாவது 200 மில்லி, 8 கிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும். மெஷின் ஒரு தடவை நிரப்ப எடுக்கும் 15 லிட்டர் தண்ணீரிலேயே 7 கிராம் இருக்கிறது. புதுத் தண்ணீரைச் சமாளிக்கவே வினிகர் ஏறக்குறைய செலவாகிவிடும், பழைய படிவம் அப்படியே இருக்கும்.

480 சாதாரணமில்லை. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500-இல் விரும்பத்தக்க அளவு 200, வேறு வழியில்லாதபோது 600 வரை. ஒரு துவைப்புக்கு 50 லிட்டர் என்றால் 24 கிராம் சுண்ணாம்பு உங்கள் மெஷின் வழியாகப் போகிறது. அவ்வளவும் படியாது, சூடாகும்போதுதான் படியும். நீங்கள் சூடே போடாததால் ஹீட்டர் ஓரளவு தப்பித்திருக்கும். இனி 60 டிகிரிக்கு மாறினால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை டீஸ்கேல், அதாவது சுண்ணாம்புப் படிவத்தைக் கரைத்து எடுப்பது, கட்டாயம்.

அதற்கு சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். 100 கிராமை நேராக டிரம்முக்குள் போட்டு, துணியும் சோப்பும் இல்லாமல் 60 டிகிரியில் ஓட்டுங்கள். 90 வேண்டாம். கால்சியம் சிட்ரேட் சூடு ஏற ஏறக் கரையாமல் வெள்ளை மணலாகப் படியும், பிறகு அது பம்பை அடைக்கும். 100 கிராம் கணக்குப்படி 75 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும். முதல் தடவை படிவம் அதிகமென்றால் ஒரேயடியாக 300 கிராம் போடாமல், ஒரு வாரம் விட்டு இன்னொரு 100 கிராம் போடுங்கள். ராத்திரி முழுக்க ஊறவும் விடாதீர்கள். டிரம்மைப் பின்னால் தாங்கும் மூன்று கால் சட்டம் அலுமினியம், அதற்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது.

முக்கியமாக, பிளீச் தொட்ட அன்று சிட்ரிக் ஆசிடோ வினிகரோ வேண்டவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது ஆபத்து. இடையில் இரண்டு மூன்று துவைப்பு ஓடட்டும்.

கறுப்புத் துணிக் கோட்டுக்கு முதல் சந்தேகம் குயிக் வாஷ் மேல். பெரும்பாலான மாடல்களில் அது 2 கிலோ துணிக்கு வைத்தது, அலசுவதும் குறைவு. அதில் டிரம் நிறையப் போட்டால் சோப்பும் கால்சியமும் சேர்ந்த பிசுக்கு துணியிலேயே தங்கும். கோட்டை வெறும் தண்ணீரில் தேய்த்துப் பாருங்கள். போய்விட்டால் அலசாத சோப்பு. போகாமல், எலுமிச்சைச் சாறு பட்டதும் போனால் சுண்ணாம்பு. எப்படியானாலும் கடின நீருக்கு லிக்விடைவிட ஃப்ரண்ட் லோட் பவுடர்தான் சரி, கால்சியத்தைப் பிடித்து வைக்கும் சரக்கு அதில் அதிகம். கையால் துவைக்கும் பவுடர் கூடவே கூடாது. நுரை பொங்கி ஸ்பின்னே எடுக்காது.

தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கக் குழாயில் மாட்டும் சின்ன சாஃப்ட்னர் பற்றி யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உள்ளே கால்சியத்தைப் பிடிக்கும் ரெசின் மணிகள் ஒரு லிட்டர் இருந்தால் உங்கள் தண்ணீரில் சுமார் 100 லிட்டர் வரை தாங்கும், அதாவது இரண்டு துவைப்பு. பிறகு உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். அந்தப் பொறுமை இருந்தால் வாங்குங்கள். டிடிஎஸ் குறையவில்லையே என்று திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். அது கால்சியத்தை எடுத்துச் சோடியத்தைக் கொடுக்கும், டிடிஎஸ் அப்படியேதான் இருக்கும்.

கோவைக்காரன்

கடினத்தன்மை குறைந்த சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு மேலே சொன்ன டீஸ்கேல் கணக்கு பொருந்தாது, வருஷத்துக்கு ஒன்றிரண்டு போதும். சோப்பும் பாதி போதும். ஆனால் அதே ஊரில் அப்பார்ட்மென்ட் போர் தண்ணீர் என்றால் மேடவாக்கம் கதைதான்.

திருப்புளி

நடப்பதற்குப் பெரும்பாலும் பேரிங் காரணம் இல்லை. பேரிங் போனால் முதலில் மெஷின் கத்தும். முதல் குற்றவாளி அந்த சக்கர ஸ்டாண்ட். 60 கிலோவுக்கு மேல் எடை, உள்ளே 1200 சுற்று. அதைச் சக்கரத்தில் வைத்தால் எங்கே நிற்கும்? தரையில் இறக்குங்கள். ரசமட்டம் வைத்து நாலு காலையும் சரி செய்து, எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பாருங்கள். துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. கடைசியில் கால்களின் லாக் நட்டை மேல்நோக்கி உடம்போடு இறுக்க வேண்டும். அதை மறந்தால் பத்து நாளில் கால் தானாகச் சுருங்கிவிடும்.

பிறகும் ஆடினால் டேம்பர், அதாவது டப்பின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர். கதவைத் திறந்து டிரம்மைக் கீழே அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றால் நல்லது. இரண்டு மூன்று முறை துள்ளினால் டேம்பர் போய்விட்டது. ஜோடியாக மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது சீக்கிரம் போகும். ஒற்றைப் போர்வையோ பாத்ரூம் மேட்டோ தனியாகப் போட்டால் நல்ல மெஷினும் ஆடும், கூட இரண்டு துண்டு போடுங்கள்.

பேரிங் சோதனை: உள் டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். வெளி டப்பும் சேர்ந்து எழும்பினால் சரி. உள் டிரம் மட்டும் தனியாக டக்கென்று அசைந்தால் பேரிங். கையால் சுற்றும்போது மாவு மில் சத்தம், டப்பின் பின்பக்கம் நடுவிலிருந்து துருத் தண்ணீர் வழிந்த கறை, இவையும் அடையாளம். முதலில் போவது ஆயில் சீல். தண்ணீர் உள்ளே புகுந்துதான் பேரிங் துருப்பிடிக்கும். எனவே பேரிங் மாற்றும்போது சீல் புதிதாகப் போடாவிட்டால் செலவு வீண். சில மாடல்களில் டப் இரண்டு பாதியும் ஒட்டியே வரும், அதில் மட்டும்தான் முழு டப் மாற்றும் பேச்சு நியாயம். திருகு போட்ட டப் என்றால் பேரிங், சீல் மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஹீட்டரையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கி, ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 2000 வாட் ஹீட்டருக்கு 26 ஓம் அளவில் காட்ட வேண்டும். சூடு போட்டு ஓட்டுவதென்றால் எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட் தேவை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகாது.

மேடவாக்கம்வாசி

டிரம்மைத் தூக்கிப் பார்த்தேன், தனி ஆட்டம் இல்லை. அழுத்தினால் ஒரு முறைதான் எழும்புகிறது. ஸ்டாண்டை எடுத்துவிடுகிறேன். ஒரு சந்தேகம். வடிகால் குழாய் இப்போது தரையோடு போய் பாத்ரூம் தரை வடிகாலான நஹானி டிராப்புக்குள் செருகியிருக்கிறது. மெஷினைக் கீழே இறக்கினால் அதில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

திருப்புளி

உங்கள் வாடையில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். குழாய் தரையோடு போனால் சைஃபன் ஆகி, தண்ணீர் நிரம்பும்போதே வெளியே ஓடும். மெஷின் திரும்பத் திரும்ப நிரப்பும், நேரம் நீளும், தண்ணீர் வரவில்லை என்று எரர்கூடக் காட்டும். மெஷின் பின்னால் குழாயைத் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றி, கிளிப்பில் மாட்டி, அங்கிருந்து கீழே இறக்குங்கள். முனை டிராப் தண்ணீருக்குள் முங்கக் கூடாது, சுற்றிலும் காற்றுப் போக இடம் வேண்டும். துணி சுற்றி அடைத்து வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

வாடை எங்கிருந்து என்று தெரிந்துகொள்ள, குழாய் முனையை ஒரு நாள் டிராப்பிலிருந்து எடுத்து ஒரு காலி பக்கெட்டுக்கு மேலே தொங்கவிட்டு, மெஷின் கதவைச் சாத்தி வையுங்கள். மறுநாள் திறக்கும்போது வாடை குறைந்திருந்தால் டிராப். அப்படியே இருந்தால் சலவைக்கல் சொன்ன வேலையெல்லாம் பாக்கி. தரையில் இறக்குவதோடு அடியில் எலி வலையும் மாட்டிவிடுங்கள், நிறைய மாடல்களில் அடிப்பக்கம் திறந்தேதான் இருக்கும். எலி கடித்த ஒயருக்குப் பொதுவாக வாரன்டி கிடையாது.