லேப்டாப் ஃபேன் மாற்றியவர்கள் சொல்லுங்கள்: சூடு குறைந்ததா?

ஈசூனிலிருந்து

கேட்டவருக்கு முதலில் பதில்: ஃபேன் மாற்றியதும் சூடு நன்றாகவே குறைந்தது. ஆனால் ஃபேனை முதலில் ஆர்டர் செய்துவிடலாம், அப்புறம் திறந்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். திறந்து, உள்ளே இருக்கும் ஃபேனின் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய லேப்டாப் ஏர்கான் போட்ட அறையில் ஒழுங்காக ஓடும். மதியம் ஹாலில் உட்கார்ந்து வீடியோ எடிட் செய்தால் திணறும், பிறகு பட்டென்று அணைந்துவிடும். ஒரு கடையில் காட்டினோம். திறந்துகூடப் பார்க்காமல், “மதர்போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க” என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மதர்போர்டு போயிருந்தால் குளிர்ந்த அறையில் மட்டும் எப்படி ஓடும்?

சிப்பின் (லேப்டாப்பின் மூளையான செயலியின்) சூடு, அறையின் சூட்டுக்கு மேல்தான் ஏறும். ஏர்கான் அறையில் 24 டிகிரி, நம் சிங்கப்பூர் மதியத்தில் 32 டிகிரி. அந்த 8 டிகிரி ஏறக்குறைய அப்படியே சிப்பில் கூடிவிடும். பல இன்டெல் சிப்களுக்கு 100 டிகிரிதான் உச்ச வரம்பு. அதை நெருங்கினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுதான் அந்தத் திணறல். அப்படியும் சூடு அடங்காவிட்டால் கருகிப் போகாமல் இருக்க லேப்டாப் அணைந்துவிடும். காற்று வெளிவரும் துளை அருகே ஒரு டிஷ்யூத் தாளைப் பிடித்துப் பார்த்தேன், அசையவே இல்லை. உள்ளிருந்து கரகர சத்தம் மட்டும் வந்தது. சந்தேகம் தீர்ந்தது: கோளாறு ஃபேனில்தான்.

திறக்கும்போது அவசரப்படாதீர்கள். எங்கள் லேப்டாப்பில் அடிப்பக்க ரப்பர் காலுக்கு அடியிலும் திருகுகள் ஒளிந்திருந்தன. எல்லாத் திருகும் ஒரே நீளம் இல்லை. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த இடத்துத் திருகோ அந்த இடத்தில் டேப் போட்டு ஒட்டி வைத்தேன். நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மறுபக்கத்தைக் குத்திவிடும். மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுவது. அதற்குப் பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும்.

லேபிளில் 5 வோல்ட், 0.5 ஆம்பியர், அதன் கீழே பாகத்தின் எண். அந்த எண்தான் முக்கியம். ஒரே மாடல் பெயரில் தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை விற்பார்கள். அவற்றின் ஃபேன்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். இரண்டு ஃபேன் உள்ள லேப்டாப்பில் இடதும் வலதும்கூட வேறு வேறு. கனெக்டரில் எத்தனை ஒயர் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையதில் 4: மின்சாரத்துக்கு இரண்டு, வேகத்தை அளக்க ஒன்று, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒன்று.

ஃபேனுக்கும் ஹீட் சிங்க்கின் (சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோக அமைப்பு) செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கெட்டியான தூசிப் படலம் அடைத்திருந்தது, கொஞ்சம் பிசுபிசுப்பாக. தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் ஒரே ஹாலில் சுற்றும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வெறும் தூசி மட்டும் சேராது. புதிய ஃபேன் 25 வெள்ளிக்குள் முடிந்தது. மேசையில் பிரித்துப் போட்டிருந்தபோது வயிறு கலங்கியது உண்மைதான். ஆனாலும் நிதானமாகச் செய்கிற எவராலும் இது முடியும் என்று முழு மனதோடு சொல்கிறேன்.

ஜூரோங் வெஸ்டிலிருந்து

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என்னுடையதற்கு ஃபேன் மாற்றத் தேவையே வரவில்லை. சத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள். ‘உஸ்’ என்று சீராக, ஆனால் பலமாகக் கேட்டால் ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, காற்று போக வழிதான் இல்லை; சுத்தம் செய்தால் போதும். கரகர, டிக் டிக் என்று கேட்டால் பேரிங் (ஃபேன் சுழலும் அச்சைத் தாங்கும் பாகம்) தேய்ந்துவிட்டது. எவ்வளவு துடைத்தாலும் திரும்ப வரும்.

சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். அழுத்தக் காற்றில் அது கட்டுப்பாடின்றிச் சுற்றினால் நல்ல பேரிங்கும் கெட்டுவிடும். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே நேராக வைக்க வேண்டாம், நிலைமின்சாரம் பாய்ந்து போர்டு பாழாகலாம்.

செங்காங்கிலிருந்து

பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் சாதனமாக இருந்தால் தயவுசெய்து நீங்களாகத் திறக்காதீர்கள், பள்ளியிடம் கேளுங்கள். அதுவும் க்ரோம்புக் வகை லேப்டாப்கள் பலவற்றில் ஃபேனே கிடையாது.

இன்னொன்று, மூடியைத் திறந்ததும் பேட்டரி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அழுத்தவோ நெம்பவோ கூடாது. தெரிந்தவர்களிடம் ஒப்படைப்பதுதான் சரி. என் அக்காள் வீட்டு லேப்டாப்பில் டச்பேட் மேலே தூக்கியிருந்தது. எல்லோரும் சூட்டினால் என்று நினைத்தார்கள். அடியில் பேட்டரி உப்பியிருந்தது.

பாகம் தேடுகிறவர்கள் லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்தே சிம் லிம் ஸ்குவேர் என்னும் கணினிக் கடைத்தொகுதிக்குப் போகலாம், ரோச்சோர் ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான். லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். மாடல் பெயரை மட்டும் சொன்னால் கடைக்காரருக்கும் சிரமம். இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்ட பிறகு பணத்தை எடுங்கள். ஒருவேளை லேப்டாப்பையே கழித்துவிட முடிவு செய்தால் குப்பைக் குழாயில் போடாதீர்கள். 2021 ஜூலை முதல் 300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய மின்சாதனக் கடைகளிலேயே பழையதைப் பெற்றுக்கொள்கிறார்கள்.

ஈசூனிலிருந்து மீண்டும்

தெர்மல் பேஸ்ட், அதாவது சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் பசையையும் மாற்ற வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். ஃபேன் தனியாக வந்தால் பேஸ்டைத் தொட வேண்டாம். எங்களுடையதில் ஃபேனும் ஹீட் சிங்க்கும் ஒரே துண்டு, அதனால் பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு உளுத்தம்பருப்பு அளவு புதிதாக வைத்தேன். பல லேப்டாப்களில் ஹீட் சிங்க் திருகுகளின் அருகில் 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருக்கும். முறுக்கும்போது அந்த வரிசை, கழற்றும்போது 4-இலிருந்து பின்னோக்கி. ஒரே திருகை முழுதாக இறுக்காமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சிப் சரியாகத் தொடாது.

முன்பு வீடியோ எடிட்டில் 97 டிகிரி வரை போனது, இப்போது அதே ஹாலில் அதே வேலைக்கு 80-ஐ ஒட்டி நிற்கிறது. மகள் இந்த அரையாண்டின் புராஜெக்டை அதிலேயே செய்துகொண்டிருக்கிறாள்.