எங்கட வகுப்பு நாலு வருசமும் கலையேல்லையாம்!

செம்மண்:
எங்கட வகுப்பு ஒன்றுகூடல் மலரில வந்த கட்டுரையை ஆரோ நேற்றுப் பகிர்ந்திருந்தினம். 1992 தை தொடக்கம் 1996 சித்திரை வரைக்கும் எங்கட வகுப்பு கலையாமல் நாலு வருசம் ஒண்டாப் படிச்சதாம். வாசிக்கப் பத்தி எரிஞ்சுது. யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவோட அந்த வகுப்பு முடிஞ்சுது. அதுக்குப் பிறகு சாவகச்சேரியில ஒரு பள்ளிக்கூட வளவுக்க, மாமரத்துக்குக் கீழ பின்னேரத்தில நடந்ததில எத்தினை பேர் இருந்தவை? எங்களில கனபேர் அப்ப வன்னிக்குப் போகக் கிளாலிக் கரையில வள்ளத்துக்கு நிண்டனாங்கள். அதோட ஒரு சோடனை வேற: வகுப்புச் சேர் தினமும் இடாப்பு, அதாவது வரவுப் பதிவேடு, கூப்பிடேக்க, வன்னிக்குப் போனவையின்ர பேரையும் விடாமல் வாசிச்சவராம். இது பச்சைப் பொய்.

ஒற்றைப்பனை:
கட்டுரை எழுதினது நான்தான். பொய்யெண்டு சொல்ல முதல், அந்த மாமரத்துக்குக் கீழ இருந்தவை ஆரெண்டு பாருங்கோ. நான் இருந்தனான், நீங்கள் இருக்கேல்லை. உண்மையான இடாப்பு யாழ்ப்பாணத்தில கந்தோர் அலுமாரிக்குள்ள கிடந்தது. சேர் ஒரு சீ.ஆர். கொப்பியில அடிமட்டம் வைச்சுக் கோடு கீறி, பழைய இடாப்பில இருந்த அதே ஒழுங்கில எல்லாப் பேரையும் நினைவில வைச்சு எழுதினவர். தினமும் முதல் பேரில இருந்து கடைசிப் பேர் வரைக்கும் வாசிச்சவர். உங்கட பேரையும்தான்.

செம்மண்:
நினைவில வைச்சு எழுதினவராம்! 1996 தையில மாமரத்தடியை விட்டு வன்னிக்கு வந்த ஒருத்தன் கிளிநொச்சியில எனக்குப் பக்கத்து வாங்கில இருந்தவன். வந்தவையின்ர பேர் மட்டும்தான் வாசிச்சது எண்டு அவன்தான் சொன்னவன். நான் திரும்பத் திரும்பக் கேட்டனான். அவன் ஏன் எனக்குப் பொய் சொல்லோணும்?

வடலி:
நீங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிக்க முதல் ஒண்டு சொல்லுறன். அந்தக் கட்டுரை முழுக்கப் பெடியளின்ர கதை. பங்கர் வெட்டினது, டைனமோவைச் சுத்தி பீ.பீ.சீ. தமிழோசை கேட்டது, மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடினது. பெட்டையள் நாங்களும் அதே வகுப்புத்தான். 1990 இல கரண்ட் போனது எங்கட வீட்டிலயும்தான். ஜாம் போத்தலுக்க பஞ்சை வைச்சு ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத்தான் நாங்களும் படிச்சனாங்கள். சவுக்காரம் இல்லாமல் பனம்பழத்தில சட்டை தோய்ச்சுப் போட்டுக்கொண்டு, காலமை வெள்ளைச் சட்டை மஞ்சளாத் தெரியுதோ எண்டு பாத்துப் பாத்துப் பள்ளிக்கூடம் வந்தது நாங்கள். அதில ஒரு வரி இல்லை.

ஒற்றைப்பனை:
வடலி, அது மலர்க்குழு வெட்டினது. நான் எழுதிக் குடுத்தனான்.

வடலி:
எழுதிக் குடுத்தால் எங்க? காட்டுங்கோ.

செம்மண்:
பாத்தீங்களே, கேள்வி கேட்டால் மலர்க்குழுவில பழி. இடாப்பை ஆர் வெட்டினது? அதுவும் மலர்க்குழுவோ? என்ர கேள்வி ஒண்டுதான்: எங்கட பேர் வாசிச்சதோ இல்லையோ?

கடல்நாரை:
நான் 1993 இல, பூநகரி ஆமி முகாம் அடிபட முந்தியே, கிளாலியால கொழும்புக்குப் போனனான். ஓ.எல். சோதினை கொழும்பிலதான் எடுத்தது. ஆனாலும் எங்க போனாலும் நான் இந்த வகுப்பெண்டுதான் சொல்லுறனான். இதில நாலு வருசமோ மூண்டு வருசமோ எண்டு கணக்குப் பாக்கிறது சின்னத்தனம்.

செம்மண்:
கொழும்புக்குப் போனவை எங்களுக்குச் சின்னத்தனம் படிப்பிக்க வேண்டாம். வெளியில போக இயக்கத்திட்ட, புலிகளிட்ட, பாஸ் எடுக்கப் பொறுப்பு நிக்க ஆள் இருந்த வீடு உங்கட வீடு. எங்கட வீட்டில ஆரும் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில நிண்டதும் நாங்கள், 1995 ஆடியில நவாலித் தேவாலயத்தில குண்டு விழுந்த அண்டைக்கு ரியூசன் கொட்டிலுக்கால ஓடினதும் நாங்கள். நீங்கள் அப்ப லைற் வெளிச்சத்தில படிச்சுக்கொண்டிருந்தனீங்கள்.

கடல்நாரை:
என்ன விளையாட்டா? 1993 தொடக்கத்தில கிளாலிக் கடலில நேவி வெட்டியும் சுட்டும் சனத்தைக் கொன்றது மறந்துபோச்சோ? அதே தண்ணிக்குள்ளால, இருட்டில, அம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு போனனான். கொழும்பில போய் இறங்கினால் பொலிஸ் பதிவு, ரவுண்டப், லொட்ஜ் அறையில ஆறு பேர். லைற் வெளிச்சமாம்.

செம்மண்:
சரி, பயந்து போனது பிழையில்லை. ஆனால் போனவர் போனவர்தான். கட்டுரை நாலு வருசம் ஆரும் கலையேல்லை எண்டு சொல்லுது. 1993 இலயே கலைஞ்சதுக்கு நீங்களே சாட்சி. நன்றி.

ஒற்றைப்பனை:
சேர் கடல்நாரையின்ர பேரையும் வாசிச்சவர். 1993 இல போன ஆளை 1995 இலயும் வாசிச்சவர் எண்டால் யோசியுங்கோ.

செம்மண்:
இப்ப கதை வளருது! முதல் வன்னிக்குப் போனவை மட்டும், இப்ப கொழும்புக்குப் போனவையும். இன்னும் ரெண்டு நாள் விட்டால் கனடாவில இருக்கிறவையின்ர பேரும் அந்தக் கொப்பிக்குள்ள வரும். கொப்பி எங்க? படம் போடுங்கோ.

ஒற்றைப்பனை:
1996 சித்திரையில ஆமி சாவகச்சேரி இருக்கிற தென்மராட்சிக்க வரேக்க, ஆர் கொப்பி தூக்கிக்கொண்டு ஓடினது? சேரும் இப்ப இல்லை. உங்களுக்கு அது தெரியும், தெரிஞ்சுகொண்டுதான் கேக்கிறீங்கள்.

செம்மண்:
கொப்பியும் இல்லை, சேரும் இல்லை. எழுதினவர் சொல்லுறதை நாங்கள் நம்போணும்.

முள்முருக்கு:
ஒக்டோபர் 30 ராத்திரி நாவற்குழிப் பாலத்தில நான் இந்த ரெண்டு பேரையும் கண்டனான். கொட்டுற மழை. ஒரு சைக்கிளில மூட்டையைக் கட்டி ரெண்டு பேரும் சேர்ந்து உருட்டிக்கொண்டு வந்தவை. அஞ்சு லட்சம் சனம் ஒரே றோட்டில, ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம். இப்ப என்னடா எண்டால் இடாப்புக்குச் சண்டை.

ஒற்றைப்பனை:
மழை பாலத்துக்கு வர முதலே பிடிச்சிட்டுது. செம்மணியிலயே நாங்கள் நனைஞ்சு போனம். அதோட அந்தச் சைக்கிள் என்னுடையது.

செம்மண்:
சைக்கிள் உங்கட, சரி. மூட்டை எங்கட. அதை அந்தக் கட்டுரையில எழுதினனீங்களோ? "நானும் நண்பரும்" எண்டு கிடக்கு. நண்பருக்குப் பேர் இல்லை. அதிலயும் என்ர பேர் இல்லை, மாமரத்தடியிலயும் என்ர பேர் இல்லை.

ஒற்றைப்பனை:
மாமரத்தடியில இருந்தது எண்டு எத்தினை தரம் சொல்லுறது?

வடலி:
பேரைப் பற்றிக் கதைக்கிறபடியால் கேக்கிறன். 1994 இலயும் 95 இலயும் வகுப்பை விட்டு இயக்கத்துக்குப் போன எங்கட பிள்ளையள் இருக்கினம். அதில ரெண்டு பேர் எனக்குப் பக்கத்து வாங்கு. மலரின்ர கடைசிப் பக்கத்தில வகுப்பு மாணவர் பட்டியல் போட்டிருக்கு. அதில அவையின்ர பேர் ஏன் இல்லை?

முள்முருக்கு:
அது பிரச்சினை வரும் எண்டு விட்டிருப்பினம். ஊரில அச்சடிக்கிற புத்தகம்.

வடலி:
பதினாறு வயசில என்ர கணக்குக் கொப்பியைப் பாத்து எழுதின பிள்ளையின்ர பேர் அச்சில வந்தால் ஆருக்கு என்ன பிரச்சினை? கலையாத வகுப்பு எண்டு தலைப்புப் போடுவீங்கள், பட்டியலில பேரைக் கலைப்பீங்கள்.

ஒற்றைப்பனை:
பட்டியல் நான் போடேல்லை.

செம்மண்:
வடலி கேக்கிறது சரி. ஆனால் முதல் என்ர கேள்விக்கு மறுமொழி வரட்டும். வன்னியில எங்களுக்கும் வகுப்பு நடந்தது. 1996 ஆடியில ஆமி சத்ஜய நடவடிக்கை தொடங்க கிளிநொச்சியையும் விட்டு ஓடினனாங்கள். அங்க போன பள்ளிக்கூடத்தில எங்களுக்குப் புது இடாப்பு எழுதினவை, "இடம்பெயர்ந்தவர்" எண்டு தனிப் பக்கத்தில. நாலு வருசம் ஒரே வகுப்பில இருந்தவன் ஏன் ஒரு தனிப் பக்கத்தில இருந்தவன்? அதைக் கட்டுரை எழுதினவர் விளங்கப்படுத்தட்டும்.

கடல்நாரை:
கொழும்பில எனக்கும் அப்பிடித்தான், தனிப் பக்கம்.

செம்மண்:
உங்கட பக்கம் நீங்களாத் தேடிப் போனது.

கடல்நாரை:
பதினைஞ்சு வயசுப் பெடியன் தேடிப் போனவனோ? அப்பா அம்மா கூட்டிக்கொண்டு போனவை. உங்களோட கதைச்சுப் பிரியோசனமில்லை.

ஒற்றைப்பனை:
கடைசியாச் சொல்லுறன். பேர் வாசிச்சது. பதில் வராட்டிலும் சேர் நிமிர்ந்து ஒருக்கால் பாத்திட்டுத்தான் அடுத்த பேருக்குப் போனவர். அந்தக் கட்டத்தில வரவும் போடேல்லை, வரவில்லை எண்டும் போடேல்லை. அந்த வகுப்பு 1996 சித்திரை வரை நடந்தது. அது நாலு வருசம்தான். அடுத்த பதிப்பிலயும் ஒரு எழுத்தும் மாத்தமாட்டன்.

செம்மண்:
மாத்தாட்டில் அடுத்த பதிப்புக்கு எங்களிட்டக் காசு கேக்க வேண்டாம். வன்னிக்கு வந்த நாங்கள் தனி மலர் போடுறம். வடலி, உங்கட பக்கத்து வாங்குப் பிள்ளையளின்ர பேர் அதில வரும். இன்னொருக்கால் கேக்கிறன், ஒற்றைப்பனை: 1995 மார்கழியில, ஏதாவது ஒரு நாள், எனக்கு அடுத்ததா வாசிச்ச பேர் என்ன? வாசிச்சது உண்மையெண்டால் அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும்.

ஒற்றைப்பனை:
என்ர பேர். நாலு வருசமும் உங்களுக்கு அடுத்த பேர் என்ர பேர்தானே.

செம்மண்:
அது 1992 இடாப்பிலயும் அப்பிடித்தான். அதில இருந்து சொல்லுறீங்கள். இது அத்தாட்சி இல்லை.