மகளுக்குப் பல் கிளிப்: நல்ல பல் நான்கை எடுக்கத்தான் வேண்டுமா?

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 12 வயது. மேல் வரிசையில் இரண்டு பக்கமும் தெத்துப்பல். 'தெத்துப்பல் அதிர்ஷ்டம், விடுடா' என்கிறார் அம்மா. அதிர்ஷ்டம் இருக்கட்டும், பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள்.

பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரேயும் பல் அச்சும் எடுத்தார்கள். தாடையில் இடம் போதவில்லையாம். கோரைப்பல்லுக்கு அடுத்திருக்கும் சின்னக் கடைவாய்ப் பல்லை மேலே இரண்டு, கீழே இரண்டு என எடுத்துவிட்டு கிளிப் போட வேண்டும், இரண்டு வருஷம் ஆகும் என்றார் டாக்டர். சொத்தையே இல்லாத பல்லை எடுக்க மனசு கேட்கவில்லை. இன்னொருவரோ தாடையைக் கொஞ்சம் விரித்தே சமாளிக்கலாம் என்கிறார். இருவருமே பல் வரிசையைச் சீராக்கும் துறையான ஆர்த்தோடான்டிக்ஸில் எம்.டி.எஸ். மேற்படிப்பு படித்தவர்கள், யாரை நம்புவது?

இதே வயதில் பல் எடுத்தும் எடுக்காமலும் கிளிப் போட்டவர்கள், முடிந்த பிறகு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டியவர்கள் உண்டா? காத்திருப்பு எவ்வளவு?

அப்புறம் ஒன்று. என் அக்கா மகன் கிளிப்பைக் கழற்றியதும், பல் மறுபடி நகராமல் இருக்கப் போட வேண்டிய ரிட்டெய்னரை டப்பாவிலேயே வைத்துவிட்டான், பல் பழையபடி நகர்ந்துவிட்டது. உங்கள் பிள்ளைகளை எப்படிப் போட வைத்தீர்கள்? முறுக்கு, கரும்பு, கடலைமிட்டாய்க்குத் தடை என்றதற்கே இங்கே ஒரு மூச்சு அழுகை முடிந்துவிட்டது.