பக்கத்து வீட்டு 1969 ஜிடிஓ ஜட்ஜ்: அசலா, யார் கையில் இருந்தது, என்ன விலை போகும்?

ஸ்டெர்லிங்_செந்தில்:

வணக்கம். பழைய கார் என்றால் பிடிக்கும், அவ்வளவுதான், விவரம் தெரியாது. இப்போது ஒரு பொறுப்பு தலையில் விழுந்திருக்கிறது.

டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஸ்டெர்லிங் ஹைட்ஸில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் கணவர் கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், போன குளிர்காலத்தில் காலமானார். அவர்கள் கராஜில் ஒரு 1969 போன்டியாக் ஜிடிஓ நிற்கிறது. இரண்டு கதவு ஹார்ட்டாப், நான்கு கியர் மேனுவல், ஆரஞ்சு நிறம், டிக்கி மேல் அகலமான இறக்கை, முன் பக்கவாட்டில் 'தி ஜட்ஜ்' ஸ்டிக்கர். பல வருடங்களாக ஓடவில்லை. கூரை மேல் கிறிஸ்துமஸ் சாமான் பெட்டிகள்.

சென்ற வாரம் ஒருவர் வந்து 25,000 டாலர் ரொக்கம் தருவதாகச் சொன்னார். "வின் நம்பரில் (காரின் அடையாள எண்) ஜட்ஜ் என்று எதுவும் இல்லை. தகட்டில் பச்சை நிறக் குறியீடு இருக்கிறது, கார் ஆரஞ்சாக இருக்கிறது. சாதாரண ஜிடிஓவுக்கு யாரோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். நான் கொடுப்பதே அதிகம்" என்றாராம். பாட்டி என்னைக் கூப்பிட்டு, "நீ இன்ஜினியர்தானே, பார்த்துச் சொல்லு" என்கிறார். நான் எழுதுவது பேங்க் மென்பொருள் என்பதெல்லாம் அவரிடம் எடுபடவில்லை.

வின் 242379பி என்று ஆரம்பிக்கிறது. இன்ஜினுக்குப் பின்னால் சுவரில் உள்ள தகட்டில் பெயின்ட் 73 73. கராஜ் ஆணியில் பழைய ஒஹாயோ நம்பர் பிளேட் ஒன்று தொங்குகிறது. இதை வைத்து அசலா போலியா என்று சொல்ல முடியுமா? முன்னால் யாரிடம் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய_போன்டியாக்:

செந்தில், முதலில் பாட்டியிடம் போய் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்க. மீதியை அப்புறம் படிக்கலாம்.

வந்தவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் வியாபாரம் செய்கிறார். 2 என்றால் போன்டியாக், 42 என்றால் ஜிடிஓ, 37 ஹார்ட்டாப், 9 என்பது 1969, பி (P) என்றால் மிச்சிகனில் உள்ள போன்டியாக் நகரத்து ஆலை. ஆக இது பிறவி ஜிடிஓ. லெமான்ஸை (போன்டியாக்கின் சாதாரண மாடல்) ஜிடிஓவாக மாற்றியிருந்தால் 237 என்று தொடங்கியிருக்கும். ஜட்ஜ் தனி மாடல் கிடையாது, ஜிடிஓ மேல் 332 டாலர் கூடுதலாகக் கட்டி வாங்கிய ஒரு ஆப்ஷன் பேக்கேஜ். அதனால் உலகத்தில் எந்த 1969 ஜட்ஜின் வின்னிலும் ஜட்ஜ் என்று இருக்காது. இது அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

நிறத்துக்கு வருவோம். 73 என்பது வெர்டோரோ கிரீன். இரண்டு முறை வந்தால் கீழும் மேலும் ஒரே நிறம், வினைல் டாப், அதாவது கூரை மேல் ஒட்டும் வினைல் உறை, இல்லை என்று அர்த்தம் (நல்லது. வினைலுக்கு அடியில் பின் கண்ணாடி ஓரம் துருப்பிடித்துப் போகும்). ஜட்ஜ் வெளிவந்த புதிதில் வந்தவை எல்லாம் கேரசல் ரெட், அதாவது இந்த ஆரஞ்சு, குறியீடு 72. அப்புறம் மற்ற ஜிடிஓ நிறங்களிலும் கொடுத்தார்கள். பச்சை ஜட்ஜ் உண்டு, குறைவு. ஜட்ஜ் என்றாலே ஆரஞ்சுதான் என்று நினைத்துப் பிற்காலத்தில் அடித்தவர்கள் நிறைய. டிக்கியைத் திறந்து ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க, பச்சை தெரியும்.

ஸ்டிக்கர், இறக்கை, டேஷ்போர்டு பெட்டி மூடியில் உள்ள எம்ப்ளம் எதையும் நம்பாதீங்க. எல்லாம் கேட்டலாக்கில் புதிதாகக் கிடைக்கிறது. 1969இல் செய்த ஜட்ஜ் 6,833தான், அதில் கன்வர்டிபிள் 108. இன்று கார் ஷோக்களில் நிற்பவற்றை எண்ணினால் ஆலை செய்ததைவிட அதிகமாக வருமோ என்று எனக்குச் சந்தேகம்.

தீர்ப்பு சொல்வது ஒரே ஒரு காகிதம்தான். பி.எச்.எஸ், அதாவது போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ், ஜிம் மேட்டிசன் ஆரம்பித்தது. போன்டியாக் பிரிவின் பழைய பில்லிங் பதிவுகள் மைக்ரோபிலிமில் அவர்களிடம் இருக்கின்றன. வின்னைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் உங்கள் காருக்கான பில்லின் நகல் வரும். அதில் டபிள்யூ டி 1 (WT1) என்ற குறியீடு இருந்தால் ஜட்ஜ். இல்லாவிட்டால் இல்லை, மேல்முறையீடும் கிடையாது. எந்த டீலருக்கு அனுப்பினார்கள் என்பதும் அதிலேயே இருக்கும். போன்டியாக்கையே தாய் நிறுவனமான ஜிஎம் 2010இல் மூடிவிட்டது, காகிதம் மட்டும் தப்பித்தது. ஃபோர்டு கார் ஆட்களுக்கு 1967 முதல் இதே மாதிரி மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது. செவர்லே வைத்திருப்பவர்கள்தான் பாவம், பெட்ரோல் டேங்க் மேல் ஆலையில் ஒட்டிய விவரத் தாள் கிடைக்குமா என்று காருக்கு அடியில் படுத்துத் தேட வேண்டும்.

அடுத்தது இன்ஜின். முன்பக்கம் நின்று பார்த்தால், பயணி பக்கத்து ஹெட்டுக்குக் கீழே பிளாக்கில் இரண்டு எழுத்து அடித்திருக்கும். மேனுவல் கியரோடு வந்த ராம் ஏர் 3 (ஜட்ஜில் வந்த அதிகத் திறன் இன்ஜின்) என்றால் டபிள்யூ எஸ், ராம் ஏர் 4 என்றால் டபிள்யூ டபிள்யூ. அருகிலேயே டைமிங் கவரை ஒட்டி 29பி என்று தொடங்கும் நம்பர் இருக்கும். அது உங்கள் வின்னின் கடைசி ஆறு இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். கிரீஸை பிரேக் கிளீனரும் பழைய துணியும் வைத்துத் துடையுங்க. கம்பி பிரஷ், உப்புத்தாள் பக்கமே போகாதீங்க. அந்த இடத்தில் கீறல் இருந்தால் நாளைக்கு வாங்க வருபவர் நம்பரைப் புதிதாக அடித்திருக்கிறார்கள் என்பார்.

முழு வின்னை இங்கே போட வேண்டாம்.

டேட்டன்_ரவி:

உரிமையாளர் வரலாறு பற்றி மட்டும் சொல்கிறேன். கார்ஃபேக்ஸில் (கார் வரலாறு தரும் இணையச் சேவை) தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அது 1981க்குப் பிறகு வந்த 17 இலக்க வின்னுக்குத்தான். அரசு அலுவலகத்தில் போய் முன்னாள் உரிமையாளர் பெயர் கேட்டாலும் சும்மா தரமாட்டார்கள், 1994இல் வந்த ஓட்டுநர் தனியுரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் காகிதத்துக்கு எந்தச் சட்டமும் தடை இல்லை. பெரியவர் கோப்புகளைத் தேடுங்கள். ஒஹாயோவில் டைட்டில், அதாவது கார் உரிமைப் பத்திரம், கொடுப்பது கவுன்ட்டி கிளார்க் ஆஃப் கோர்ட்ஸ் அலுவலகம். அதனால் பழைய டைட்டிலின் நகல் கிடைத்தால் எந்தக் கவுன்ட்டி என்பது தெரிந்துவிடும், விற்றவர் பெயரும் இருக்கும்.

மிச்சிகன் டைட்டில் யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். இருவர் பெயரும் போட்டு 'உயிரோடு இருப்பவருக்கு முழு உரிமை' என்று இருந்தால் இறப்புச் சான்றிதழோடு வேலை முடிந்தது. பெரியவர் பெயர் மட்டும் என்றால், வாகன மதிப்பு ஒரு வரம்பைத் தாண்டும்போது இறந்தவர் சொத்தைப் பார்க்கும் புரோபேட் கோர்ட் வழியாகத்தான் போக வேண்டும். மகனையும் சேர்த்து உட்கார்ந்து பேசுங்கள். பின்னால் உங்கள் மேல் பழி வரக்கூடாது.

குட்டி_கமரோ:

நான் 30,000 தருகிறேன், முடித்துக்கொள்ளலாமா? ☺

பழைய_போன்டியாக்:

தம்பி, வரிசையில் நில்லு.

ஸ்டெர்லிங்_செந்தில்:

எல்லாருக்கும் நன்றி. நிறைய நடந்துவிட்டது, வரிசையாகச் சொல்கிறேன்.

டைட்டில் இருவர் பெயரிலும் இருக்கிறது, முழு உரிமை வாசகத்தோடு. பெரிய நிம்மதி. அரிசோனாவில் இருக்கும் மகனிடமும் பேசியாகிவிட்டது, "அம்மா இஷ்டம்" என்றார்.

டிக்கி ரப்பரைத் தூக்கினேன், பளபளவென்று பச்சை. ஐம்பது வருடம் வெயில் படாத பச்சை.

பி.எச்.எஸ் நகல் வந்தது. டபிள்யூ டி 1 இருக்கிறது! பெயின்ட் 73, நான்கு கியர், ராம் ஏர் 3. அனுப்பப்பட்ட டீலர் ஒஹாயோவில் டொலிடோ பக்கம். பாட்டியிடம் காட்டினேன். "அவர் எப்பவும் அப்படித்தான் சொல்வார், நான்தான் நம்பலை" என்றார்.

இனி கெட்ட செய்தி. இன்ஜினில் இருக்கும் எழுத்து ஒய் எஸ். பக்கத்து நம்பரும் நம் வின் இல்லை.

கோப்பில் 1975இல் எழுதிக் கொடுத்த ஒஹாயோ டைட்டில் நகல் கிடைத்தது, ரவி சொன்னபடி விற்றவர் பெயரோடு. டொலிடோ பொது நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் போல்க் டைரக்டரிகள் (ஊர்வாசிகள் பெயர், முகவரிப் பட்டியல்) இருக்கின்றன. எழுபதுகளின் தொகுதியில் அதே பெயர், பக்கத்தில் தொழில், முகவரி. பிறகு பத்திரிகை இரங்கல் குறிப்பு வழியாக அவர் மகளைப் பிடித்தேன். யாரோ பணம் பறிக்க வருகிறார்கள் என்று முதலில் பயந்தார், பச்சைக் கார் என்றதும் குரல் மாறிவிட்டது. அவர் அப்பாதான் புதிதாக வாங்கியவர். மிச்சிகனில் மிலன் டிராக் ஸ்ட்ரிப் என்ற பந்தயத் தடத்தில் ஓட்டி இன்ஜினை உடைத்துவிட்டு, பழைய இரும்புக் கடையில் இன்னொரு ஜிடிஓ இன்ஜின் வாங்கிப் போட்டாராம். பெட்ரோல் தட்டுப்பாடு, இன்சூரன்ஸ் ஏற்றம், குழந்தை, எல்லாம் சேர்ந்து விற்றுவிட்டார். ஒரு போட்டோவும் அனுப்பினார். பனியில் நிற்கிறது, பச்சை, இறக்கை தெளிவாகத் தெரிகிறது, ஓரத்தில் ஆய்வகம் அச்சிட்ட தேதி 1971 ஜனவரி.

இப்போது விலை என்ன சொல்வது?

பழைய_போன்டியாக்:

செந்தில், நல்ல வேலை செய்திருக்கீங்க. மென்பொருள்காரர் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஒய் எஸ் என்பது ஆட்டோமேட்டிக் ஜிடிஓவுக்குப் போன 350 குதிரைத்திறன், 400 கன அங்குல இன்ஜின். மகள் சொன்ன கதையோடு சரியாகப் பொருந்துகிறது. அந்த அசல் பிளாக் எங்கே என்று அவரிடம் ஒருமுறை கேளுங்க. பெரும்பாலும் உருக்கியிருப்பார்கள், ஆனாலும் அப்பாவின் கொட்டகையில் கிடந்தது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்பதற்குக் காசா பணமா?

விலையைப் பற்றி என் கணிப்பு. அசல் இன்ஜினும் பி.எச்.எஸ் காகிதமும் உள்ள, நல்ல நிலையில் ஓடும் ராம் ஏர் 3 ஹார்ட்டாப்கள் சமீப வருடங்களில் ஆறு இலக்கத்தை ஒட்டிப் போகின்றன. இது அந்த வகையில் சேராது. இன்ஜின் வேறு, நிறம் மாற்றியது, ஓடவில்லை, அடித்தளத் துரு எவ்வளவு என்று லிப்டில் தூக்கினால்தான் தெரியும். மிச்சிகன் உப்பு சாலையில் எத்தனை குளிர்காலம் ஓடியது என்பதுதான் உண்மையான கேள்வி. பின் சக்கரத்துக்கு மேல் உள்ள பேனல், டிக்கித் தரை, சேசிஸின் பின்பகுதி, இந்த மூன்றும் திடமாக இருந்தால் 50,000 சுற்றிக் கேட்கலாம் என்பது என் எண்ணம். ஓட்டையாக இருந்தால் இறங்கும். 25,000க்குக் கொடுத்திருந்தால் அந்த ஆள் ராத்திரியே பி.எச்.எஸ்ஸுக்கு எழுதியிருப்பார்.

காகிதம் காருக்கு என்ன செய்யும் என்பதற்கு ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மக்வீன் 'புல்லிட்' படத்தில் ஓட்டிய 1968 மஸ்டாங் இருக்கிறது. 1974இல் ஒரு குடும்பம் வாங்கியது, வீட்டம்மா பள்ளிக்கூட வேலைக்கு ஓட்டிப் போனார். 1977இல் மக்வீனே கடிதம் எழுதித் திருப்பிக் கேட்டார், கொடுக்கவில்லை. புதுப்பிக்காமல் அப்படியே வைத்திருந்து 2020 ஜனவரியில் ஏலத்தில் கட்டணத்தோடு 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. நம் கார் அந்த லீக் இல்லை. ஆனால் டொலிடோ டைட்டில், டைரக்டரிப் பக்கம், பனி போட்டோ, மகள் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம், இவை சேர்ந்தால் இரண்டே உரிமையாளர் கொண்ட கார் என்று நிரூபணம் ஆகிறது. அதற்குத் தனியாகப் பணம் தருவார்கள். கடிதத்தை இப்போதே வாங்கிவிடுங்க. இன்ஜின் மாற்றியதை மறைக்காமல் அதில் எழுதச் சொல்லுங்க.

மதிப்பீட்டாளரை வைத்தால் நிலையான கட்டணம் வாங்குபவராகப் பாருங்க. விலையில் சதவீதம் கேட்பவர் வேண்டாம், தானே வாங்கிக்கொள்கிறேன் என்பவர் வேண்டவே வேண்டாம். இணையத்தில் ஆட்கள் கேட்கும் விலையை நம்பாதீங்க, ஏலத்தில் விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்க. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் வருகிறது. உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். ஜிடிஓ கிளப் ஆட்கள் சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். காரை எடுத்துப் போக வேண்டாம், கோப்பின் நகலும் போட்டோவும் போதும்.

பச்சைக்கு மாற்றி அடித்துவிட்டு விற்கலாமா என்று பாட்டி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்க. அடிக்கும் செலவு திரும்பி வராது, வாங்குபவர் தன் இஷ்டத்துக்கு அடிக்கட்டும்.

"ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க" என்று எவன் கேட்டாலும் செய்யாதீங்க. டேங்கில் எந்த வருடத்துப் பெட்ரோல் கிடக்கிறதோ. அதை இறக்கி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஆயில் விட்டு இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

ஸ்டெர்லிங்_செந்தில்:

சரி. பெட்டிகளை இறக்கிவிட்டேன். வாரக் கடைசியில் லிப்ட் உள்ள ஒரு பட்டறைக்கு டோ செய்கிறோம். அடிப்பக்க போட்டோக்களை இங்கேயே போடுகிறேன். பிளாக் பற்றி மகளிடம் கேட்டேன், அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.