ஆனி மாத நிழல் எந்தப் பக்கம் விழும்?

சில ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாத நண்பகலில் தனுஷ்கோடியில் எடுக்கப்பட்ட வெறும் மணற்பரப்புக் காட்சி ஒன்றில், கணினியில் உருவாக்கிய பாய்மர வத்தை (மீனவர் படகு) ஒன்றைச் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. வத்தையும் மணலும் தனித்தனியே நன்றாக இருந்தும், இரண்டையும் சேர்த்தால் வத்தை மணலில் நிற்பதாகவே தோன்றவில்லை. நிழலின் கருமையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன், பயனில்லை.

படப்பிடிப்புக்கு உதவிய முதிய மீனவர் ஒருவரிடம் அதை மடிக்கணினியில் காட்டினேன். 1964 புயலில் சிதைந்த தேவாலயம் பின்னால் தெரிந்ததால் அவருக்குத் திசை உடனே பிடிபட்டது. "ஆனி மாச உச்சி வெயிலுக்கு நிழல் தெக்கதானே விழும் தம்பி, இது வடக்க கெடக்கே" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. தனுஷ்கோடி ஏறத்தாழ 9 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை உச்சிச் சூரியன் அங்கே தலைக்கு வடக்கே நிற்கிறது. நானோ டிசம்பர் மாதக் காட்சி ஒன்றுக்கு அமைத்த ஒளியை அப்படியே எடுத்தாண்டிருந்தேன்.

திசையைத் திருத்திய பிறகும் நிறம் உறுத்தியது. நிழலைக் கறுப்புப் பூச்சாக எண்ணியதுதான் என் பிழை. அங்கே விலகியிருப்பது நேரடி வெயில் மட்டுமே, திறந்த வானத்தின் நீல ஒளி நிழலுக்குள்ளும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆகவே மீண்டும் அங்கே சென்று, மணலில் ஒரு கம்பை நட்டு, அதன் நிழலையும் அருகிலிருந்த வெயில் மணலையும் கேமராவின் ஒளியளவு அமைப்பை மாற்றாமல் படமெடுத்து, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே விகிதம் கண்டு, வத்தையின் நிழல் விழும் இடத்து மணலை அந்த விகிதங்களால் பெருக்கினேன். நீலம் மற்ற இரண்டையும்விடக் குறைவாகவே மங்கியிருந்தது. இந்தக் கணக்கை நேரியல் ஒளி மதிப்புகளில்தான், அதாவது ஒளி இரட்டித்தால் தானும் இரட்டிக்கும் எண்களில்தான், செய்ய வேண்டும். திரைக்காக வளைத்த மதிப்புகளில் செய்தால் விகிதம் பொய்யாகிவிடும்.

விளிம்பையும் ஒரே அளவில் மங்கலாக்கக் கூடாது. சூரியன் நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலம் கொண்டிருப்பதால், 5 மீட்டர் உயரப் பாய்மர நுனியின் நிழல் விளிம்பு மணலில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் பரவுகிறது. அடிப்பலகையின் விளிம்போ கூர்மையாகவே இருக்கிறது.

கடைசியாக, அடிப்பலகை மணலைத் தொடும் இடத்தில் வானொளியும் நுழைய முடியாது என்பதைக் கவனித்தேன். அங்கே விரல் அகலத்துக்கு இருளைச் சேர்த்த பிறகுதான் வத்தை மணலில் பாரத்தோடு அமர்ந்தது.