12 நாள் ஓடாத பேக்கப்: கிரானை விட்டு டைமருக்கு மாறலாமா?

ராத்திரி_டூட்டி

போன வாரம் ஒரு சர்வரில் டேட்டாபேஸை மீட்டெடுக்க வேண்டி வந்தது. பேக்கப் ஃபோல்டரைத் திறந்தால் கடைசிக் கோப்புக்கு வயது 12 நாள். அதுவாவது இருந்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டு மீட்டுவிட்டேன். ஆனால் பேக்கப் ஸ்கிரிப்ட் ஏன் ஓடவில்லை? கையால் ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. அரை நாள் மண்டையை உடைத்த பிறகுதான் பிடிபட்டது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானின் அட்டவணையான கிரான்டேப்பில் இருந்த வரியை எடுத்துவிட்டு, 'எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும்' என்று ஸ்கிரிப்டை, தினமும் ஓட வேண்டியவற்றுக்கான கிரான்-டெய்லி ஃபோல்டருக்குள் போட்ட புண்ணியவான் நானேதான். கோப்பின் பெயர் 'பேக்கப்', அப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் 'எஸ்ஹெச்'. டெபியன் லினக்ஸில் அந்த ஃபோல்டரில் உள்ளவற்றை ஓட்டும் ரன்-பார்ட்ஸ் என்ற நிரல், பெயரில் புள்ளி இருந்தால் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு, அவ்வளவுதான் அனுமதி. பிழைச் செய்தி கிடையாது, லாகில் ஒரு வரி கிடையாது.

எனக்குக் கிரான் வெறுத்துவிட்டது. லாக் சுழற்சி, தற்காலிகக் கோப்புகளைத் துடைப்பது, சான்றிதழ் புதுப்பிப்பு, பேக்கப் என்று 40 வேலைகள் இருக்கின்றன. மொத்தத்தையும், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமருக்கு மாற்றப் போகிறேன். வேண்டாம் என்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பழைய_டெர்மினல்

வேண்டாம். தம்பி, புள்ளி வைத்தது நீங்கள், தண்டனை கிரானுக்கா?

1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே கிரான் இருந்தது. இன்று லினக்ஸில் நாம் பார்ப்பது பெரும்பாலும் பால் விக்ஸி 1987இல் எழுதியதன் வாரிசுகள். இத்தனை வருடம் தாக்குப்பிடித்த ஒன்றை ஒரு புள்ளிக்காகத் தூக்கி எறிவார்களா? ஒரு வேலைக்கு ஒரு வரி. யார் வந்து பார்த்தாலும் ஒரே திரையில் சர்வரின் தினசரி வாழ்க்கை முழுக்கத் தெரியும். டைமர் என்றால் வேலைக்கு இரண்டு கோப்பு. உங்கள் 40 வேலைக்கு 80 கோப்பு. யார் படிப்பார்கள்?

டைமர்_பிரியை

ஒரு வரிதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு வரி எப்படியிருக்கும் என்றும் பார்த்துவிடலாம், அண்ணா.

மாதத்தின் முதல் ஞாயிறன்று ரெய்டு வட்டுகளை (ஒரே தொகுப்பாக இணைத்த வட்டுகள்) சரிபார்க்க வேண்டும். கிரான் வரியின் தேதிக் கட்டத்தில் 1-7, கிழமைக் கட்டத்தில் ஞாயிறுக்கு 0 என்று போட்டால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இரண்டு கட்டத்தையும் நிரப்பினால் கிரான் அதை 'இதுவும் அதுவும்' என்று எடுத்துக்கொள்ளாது, 'இதுவோ அதுவோ' என்று எடுத்துக்கொள்ளும். முதல் ஏழு நாளும் ஓடும், அதன் பிறகு எல்லா ஞாயிறும் ஓடும். இதற்காகவே டெபியனில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஅட்மின் தொகுப்போடு பல வருடம் வந்த கிரான் வரி, ஒவ்வொரு ஞாயிறும் 0:57க்கு எழுந்து, 'இன்று தேதி ஏழோ அதற்குக் கீழோ?' என்று தானே கேட்டு, இல்லையென்றால் திரும்பப் படுத்துக்கொள்ளும். தேதியைக் கேட்கும் இடத்தில் வரும் சதவீதக் குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு வேறு. அது இல்லாவிட்டால் கிரான் அந்தக் குறியைப் புதுவரி என்று நினைத்துக் கட்டளையை அங்கேயே வெட்டிவிடும். தெரியாமல் எழுதி, காலையில் பாதிக் கட்டளையோடு மல்லுக்கட்டியவர்களில் நானும் ஒருத்தி.

டைமரில் 'ஞாயிறு, தேதி 1 முதல் 7 வரை' என்று எழுதினால் அதே பொருள்தான். எழுதியதை சிஸ்டம்டி-அனலைஸ் கட்டளையிடம் கொடுத்தால் அடுத்த ஐந்து முறை எந்தெந்தத் தேதியில் ஓடும் என்று முன்கூட்டியே காட்டும். கிரானிடம் அப்படிக் கேட்க முடியுமா?

கன்டெய்னர்வாசி

எங்களுடையது எல்லாம் ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸ். சிஸ்டம்டியே இல்லை. நீங்கள் சண்டையைத் தொடருங்கள், நான் வேடிக்கை பார்க்கிறேன்.

பழைய_டெர்மினல்

பார்த்தீர்களா, அவர் சொன்னதும் ஒரு காரணம். யூனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி பக்கம் போனாலும் கிரான்தான் கைகொடுக்கும்.

அந்த தேதி-கிழமை விஷயம் அசிங்கம்தான், அதில் வாதாட மாட்டேன். ஆனால் டைமருக்கும் குழிகள் உண்டு. நண்பர் ஒருவர் டைமரை ஸ்டார்ட் செய்தார், ரீபூட்டுக்குப் பிறகும் தானாகத் தொடங்கவைக்கும் எனேபிளைச் செய்ய மறந்தார். மூன்று மாதம் அருமையாக ஓடியது. கெர்னல் அப்டேட்டுக்காக ரீபூட் செய்த அன்றோடு சரி, ஆள் காணோம். உங்கள் புள்ளிக் கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

டைமர்_பிரியை

வித்தியாசம் உண்டு. லிஸ்ட்-டைமர்ஸ் என்று ஒரு கட்டளை போட்டால் கடைசியாக எப்போது ஓடியது, அடுத்து எப்போது என்று பட்டியல் வரும். உங்கள் நண்பர் ரீபூட்டுக்குப் பிறகு அதை ஒரு தடவை பார்த்திருந்தால் விஷயம் முடிந்தது. வேலை கக்கிய எல்லாம் சிஸ்டம்டியின் லாகான ஜர்னலில் இருக்கும். கிரான் மெயில் அனுப்பும் என்பீர்கள். சர்வரில் மெயில் அனுப்பும் நிரலே இல்லையென்றால், 'வெளியீட்டைத் தூக்கி எறிகிறேன்' என்று லாகில் எழுதிவிட்டு நிஜமாகவே தூக்கி எறியும்.

அப்புறம், முந்தைய ஓட்டம் முடியாமல் இருந்தால் டைமர் இன்னொன்றைக் கிளப்பாது. கிரானுக்கு அந்தக் கவலையே இல்லை. மணிக்கொரு முறை ஓடும் பேக்கப் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அதன் தலைமேல் அடுத்த பேக்கப் ஏறி உட்காரும்.

பழைய_டெர்மினல்

அதற்கு எஃப்லாக் இருக்கிறது. கட்டளைக்கு முன்னால் 'காத்திருக்காதே' என்ற குறியோடு அதைப் போட்டால் போதும், பூட்டு இருந்தால் சத்தமில்லாமல் விலகிவிடும். நான் எந்த வேலையையும் அது இல்லாமல் எழுதுவதில்லை.

டைமர்_பிரியை

நீங்கள் எழுதுவீர்கள். உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருபவர்?

பழைய_டெர்மினல்

சரி, இது நல்ல அடி. ஆனால் உங்கள் செல்லப்பிள்ளை 'பெர்சிஸ்டென்ட்' பற்றியும் பேசுவோம். சர்வர் அணைந்திருந்தபோது தவறிய வேலையை எழுந்ததும் ஓட்டும். கேட்க நன்றாக இருக்கிறது. அதிகாலை 3 மணிக்கு ஓட வேண்டிய டேட்டாபேஸ் துப்புரவு, காலை 10 மணிக்குப் பயனாளர்கள் குவியும் நேரத்தில் ஓடினால்? அதிலும் ரீபூட் ஆகி எல்லாமே மூச்சுவாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில்.

டைமர்_பிரியை

எல்லா வேலைக்கும் அதைப் போடச் சொல்லவில்லையே. பேக்கப்புக்குப் போடுங்கள், துப்புரவுக்குப் போடாதீர்கள். எல்லா வேலையும் ஒரே நொடியில் கிளம்பாதபடி தாமதத்தைச் சிதறடிக்கும் அமைப்பும் இருக்கிறது. கிரானில் இதையே செய்ய, சான்றிதழ் புதுப்பிக்கும் செர்ட்பாட் தொகுப்பு என்ன செய்கிறது தெரியுமா? 0 முதல் 43200 விநாடிக்குள் ஏதோ ஒரு நேரம் தூங்க, பெர்ல் மொழியில் ஒரு துண்டு நிரல். அதிலும் வேடிக்கை, சிஸ்டம்டி ஓடுகிறது என்று தெரிந்தால் அந்தக் கிரான் வரி ஒதுங்கிக்கொண்டு வேலையை டைமருக்கு விட்டுவிடும்.

காலக்கணக்கு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எதில் எழுதினாலும் அதிகாலை 2 முதல் 3 வரை வேலை வைக்கும் பழக்கத்தை விடுங்கள். கோடைகால நேரமாற்றம் உள்ள பல மண்டலங்களில் அந்த ஒரு மணி நேரம் வருடத்தில் ஒரு நாள் காணாமல் போகும், இன்னொரு நாள் இரண்டு தடவை வரும். சர்வரை, அப்படி மாறாத உலகப் பொது நேரமான யூடிசியில் வையுங்கள்.

முக்கியமான விஷயத்தை இருவருமே தொடவில்லை. ஓடித் தோற்றால் கிரானிலும் மெயில் வரவழைக்கலாம், டைமரிலும் தோற்றால் இன்னொரு வேலையைக் கிளப்பும் ஆன்ஃபெயிலியர் வைக்கலாம். ராத்திரி_டூட்டிக்கு நடந்தது தோல்வி அல்ல, வேலை தொடங்கவே இல்லை. தொடங்காத வேலை தோற்காது, செய்தியும் அனுப்பாது. வேறொரு சர்வரிலிருந்து பேக்கப் கோப்பின் வயதைப் பாருங்கள். 26 மணி நேரத்தைத் தாண்டினால் கூப்பாடு போடட்டும். அளவையும் பாருங்கள், 0 பைட் கோப்புக்குக்கூட இன்றைய தேதி இருக்கும்.

பழைய_டெர்மினல்

இதில் எனக்கு மறுப்பு இல்லை. கிரானில் ஒரே வரியில் எழுதலாம் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

ராத்திரி_டூட்டி

வயது பார்க்கும் ஸ்கிரிப்டை நேற்றே தனி சர்வரில் வைத்துவிட்டேன். பேக்கப்பும் டேட்டாபேஸ் வேலைகளும் டைமருக்குப் போகின்றன, ஆக ஆறு வேலை. மற்ற 34 இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அண்ணனின் 80 கோப்புக் கணக்கு தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

இன்னொன்று. கிரான்-டெய்லி மீது ரன்-பார்ட்ஸை டெஸ்ட் நிலையில் ஓட்டிப் பார்த்தேன். எதையெல்லாம் ஓட்டும் என்று பட்டியல் மட்டும் தரும். அதில் வராத கோப்பு இன்னொன்றும் ஃபோல்டரில் இருந்தது, அதன் பெயரிலும் புள்ளி. எனக்கு முன்னால் இருந்தவர் 2021இல் வைத்தது, ஒரு நாள்கூட ஓடியதில்லை.

டைமர்_பிரியை

என்ன வேலை அது?

ராத்திரி_டூட்டி

ஏழு நாளுக்கு மேல் பழைய பேக்கப்புகளை அழிப்பது.